அங்கமுத்துவுக்கு வந்துகொண்டிருந்த குண்டு

1973ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கமுத்துவை நோக்கிச் சுடப்பட்ட குண்டு, 2019 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே காலுக்கு அவர் வீட்டுச் சன்னல் கம்பிகளுக்கு இடையே புகுந்து கூடத்துக்குள் வந்தது. சுண்டைக்காய் அளவு ஈயக் குண்டு. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் நெஞ்சு உயரத்துக்கு இறங்கி, காற்றாடிக்குக் கீழே வந்து நின்றது. அங்கமுத்து தொலைக்காட்சியில் மீன் குழம்பு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். விருந்தாளி வந்தால் அவர் அப்படித்தான் செய்வார். காம்பாரில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் மருமகள் விமலா ஆறு மணிக்கு வீடு திரும்பினாள். குண்டைப் பார்த்தாள், கைப்பையைக் கீழே வைத்தாள், தையல் நாடாவை எடுத்து அளந்தாள். குண்டுக்கும் மாமனாருக்கும் நடுவே ஆறடி. நாற்பத்தெட்டு நாளுக்கு முன்னால் ஐம்பதடி இருந்தது. விமலா சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அந்தக் குண்டைச் சுட்டவர் அவளைப் பெற்ற அப்பா. பெயர் பத்துமலை. காம்பாருக்கும் பீடோருக்கும் நடுவே செங்காட்டுத் தோட்டம் என்று ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. இப்போது அதில் பாதி செம்பனை, மீதி தாமான் குடியிருப்பு வீடுகள். அங்கே பத்துமலை காவல்காரர். காட்டுப்பன்றி விரட்டுவதற்காகத் தோட்டத்தில் அவருக்கு ஒரு துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய சாமான். பத்துமலையின் தம்பியிடம் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் கப்பல் ஏற வேண்டும் என்று இருந்த காலம் அது. தோட்டத்து லய வீடுகளில் மனு எழுதத் தெரிந்த ஒரே ஆள் அங்கமுத்து. குடியுரிமை மனுவை மணி மணியாக எழுதி, தபாலில் போடுகிறேன் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டை துவைக்கப் போனது. மறுநாள் பையைத் துழாவினால் காகிதம் கூழாக வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு, போட்டாச்சு என்று சொல்லிவிட்டார். தம்பி பினாங்கில் கப்பலேறினான். பார்த்தே இராத நாமக்கல் பக்கத்து ஊரில் மூன்று வருடம் இருந்து காய்ச்சலில் செத்தான். மனு வந்து சேரவேயில்லை என்ற செய்தியும் சாவுக் கடிதமும் ஒரே வாரத்தில் வந்தன. பத்துமலை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய், ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை முன்னால் அறுபதடி தூரத்தில் நின்று சுட்டார்.

புகை வந்தது, சத்தம் வந்தது, குண்டும் வந்தது. இரண்டடி வந்ததும் நின்றுவிட்டது. இரண்டு பேரும் மத்தியானச் சங்கு ஊதும் வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கமுத்து ஒரு எட்டு பின்னால் வைத்தார். குண்டு ஒரு எட்டு முன்னால் வந்தது. சரி, வருவது வரட்டும் என்று ஒரு எட்டு முன்னால் வைத்தார். குண்டு மரியாதையாக ஒரு எட்டு பின்வாங்கியது. இடைவெளி ஐம்பத்தெட்டடி, அது மட்டும் மாறவில்லை. பிறகு பிடித்துப் பார்த்தார்கள், குறடு போட்டு இழுத்தார்கள், ரப்பர் வாளியைக் கவிழ்த்தார்கள், பலகையைக் குறுக்கே நிறுத்தினார்கள். அது வாளியையும் துளைத்தது, பலகையையும் துளைத்தது. போலீஸ் வந்து பத்துமலையைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று வாரம் வைத்திருந்தது. சுட்டது உண்மை, படாததும் உண்மை, படவே படாது என்று சொல்லவும் முடியாது. என்ன எழுதுவது என்று தெரியாமல், விசாரணை முடியவில்லை என்று எழுதி அவரை அனுப்பிவிட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, சனவரியில், ஒருவர் நாடாவோடு வந்து இடைவெளியை அளந்து கோப்பில் குறித்துக்கொண்டு போவது என்று ஏற்பாடு. துப்பாக்கி, கேட்கும்போது காட்ட வேண்டிய பொருளாகப் பத்துமலை வீட்டிலேயே இருந்தது.

அந்த மூன்று வாரமும் துப்பாக்கி கழுவப்படாமல் அடுப்புக்கு மேலே தொங்கியது. கருமருந்துச் சாம்பல் உப்பைப் போல; காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்து இரும்பைத் தின்னும். பத்துமலை வெளியே வந்தபோது குழலுக்குள் துரு பூத்திருந்தது, குண்டு மூன்றடி நகர்ந்திருந்தது. அவர் வெந்நீர் கொதிக்க வைத்து, குழலில் ஊற்றிக் குலுக்கி, கம்பியில் துணி சுற்றி இழுத்து, காய வைத்து எண்ணெய் போட்டார். குண்டு நின்றது. ஒரு வாரம் விட்டுப் பார்த்தார்; ஒரு விரல் கடை நகர்ந்தது. அன்றிலிருந்து வாரம் தவறாமல் துடைத்தார். அங்கமுத்துவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுப் போவார். வெள்ளிக்கிழமை ஆனால் வெந்நீர் கொதிக்கும்.

அங்கமுத்துவின் பாடுதான் சூசா, பெரிய திண்டாட்டம். 1981இல் தங்கை நவமணியின் கல்யாணத்துக்குச் சித்தியவானுக்குப் பேருந்தில் போனார். குண்டும் தன் இடைவெளி தவறாமல் பின்னாலேயே போனது. பேருந்து வளைந்தால் அது வளையாது, குறுக்கே வரும். வழியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு காப்பிக்கடைப் பலகைகள், ஒரு பால்காரியின் செம்பு, கடைசியில் கல்யாணப் பந்தலின் நடுக்கால், எல்லாவற்றிலும் சுண்டைக்காய் அளவு ஓட்டை. பந்தல் சாய்ந்தது, ஆள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் பாவத்தை ஊர் மேலே ஏவிவிட்டு நான் பந்தியில் உட்காருவதா என்று அங்கமுத்து சாப்பிடாமலேயே திரும்பினார். ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்ற பழைய ஈயக் குட்டை ஒன்றை ஒட்டி ஒரு வீடு வாங்கினார். அந்தப் பக்கம் தண்ணீர் தவிர ஒன்றும் கிடையாது. குண்டு தண்ணீருக்கு மேலே நிற்க, இவர் வாசலில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு வருடம் ஈப்போவைக்கூடப் பார்க்கவில்லை. பீடோரில் மனைவிக்குக் கருமாதி நடந்தபோதும் வீட்டிலேயே தலை முழுகினார்.

இப்படிப்பட்ட இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் நடக்குமா என்று கேட்டால், காம்பார் பேருந்தில் தினமும் ஒரே இருக்கைக்குச் சண்டை போட்டால் நடக்கும். அங்கமுத்துவின் மகன் சுகுமாரனும் பத்துமலையின் மகள் விமலாவும் 1995இல் ஈயக் குட்டைக் கரையில் மாலை மாற்றினார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் வெளியே வர முடியாததால் கல்யாணம் அவரிடம் வந்தது. அடுத்த வருடம் பத்துமலை இரத்தக் கொதிப்பில் போய்ச் சேர்ந்தார். சாகும் முன் மகளைக் கூப்பிட்டு, "தண்ணி நல்லா கொதிக்கணும், ஆயி. வெதுவெதுன்னு ஊத்துனா துரு போவாது," என்று மட்டும் சொன்னார். அம்மா காளியம்மா துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றி, இட்லிச் சட்டி, குத்துவிளக்கோடு சேர்த்துப் புருசன் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

விமலா அதைப் பல் பார்ப்பது போலப் பார்த்தாள். தீபாவளிச் சரவிளக்கிலிருந்து ஒரு பொட்டு விளக்கை நூலில் கட்டிக் குழலுக்குள் இறக்குவாள். உள்ளே சுருண்டு இறங்கும் வரிகளும், வரிகளுக்கு நடுவே துரு தின்ற குழிகளும் தெரியும். மொத்தம் நாற்பத்தொன்று. சொத்தைப் பல்லைத் திரும்ப வளர்க்க முடியாது, மேலே பரவாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுடைய மருத்துவர் நோயாளிகளிடம் சொல்வார். குழிக்கும் அதுதான் கணக்கு. கொதிக்கிற சவர்க்காரத் தண்ணீர், பித்தளைத் தூரிகை, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை இழுப்பு, பிறகு தையல் இயந்திர எண்ணெய். மாமனாரை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். மிளகு ரசம் வைத்துக் கொடுப்பவர், அவள் வேலையிலிருந்து வந்தால் எழுந்து காற்றாடி போடுபவர். ஆனால் அவள் துடைத்தது அவருக்காக மட்டும் இல்லை. குண்டு காற்றில் இருக்கிற வரைக்கும் அவளுடைய அப்பா கொலைகாரர் இல்லை. செத்தவர் செத்தவராகவே இருக்கட்டும். செத்த பிறகு ஒரு கொலையைச் செய்து முடிக்க வேண்டாம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இருபத்து மூன்று வருடத்தில் குண்டை இரண்டடிக்கு மேல் நகரவிடவில்லை.

கெடுத்தது சுகுமாரன். கெட்டவன் இல்லை; தொழிற்சாலை வேன் ஓட்டுபவன், முனியாண்டி கோயில் செயலாளர், நல்லது செய்யத் துடிப்பவன். 2019இல் கோயில் புது இடத்துக்கு மாறியபோது அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. சாமி கையில் அரிவாள் இருக்கிறது, சுருட்டு இருக்கிறது. அரை நூற்றாண்டாக ஒரு உயிரைப் பிடித்துவைத்திருக்கும் துப்பாக்கிக்கு ஏன் ஒரு மண்டலம் அபிசேகம் செய்யக்கூடாது? தோசம் கழிந்தால் குண்டும் கீழே விழுந்துவிடும் என்று நினைத்தான். விமலா முடியாது என்றாள். சாமி காரியத்தில் முடியாது என்று சொல்லாதே என்று கோயிலே திரண்டு வந்தது. எடுத்துக்கொண்டு போனார்கள். நாற்பத்தெட்டு நாளும் பால், தயிர், இளநீர், பஞ்சாமிர்தம், மஞ்சள் தண்ணீர். போதாததற்கு, வாய் திறந்துதானே இருக்கிறது என்று பக்தர்கள் குழலுக்குள்ளும் ஊற்றினார்கள். கம்பியைத் தொடவும் அவளை விடவில்லை, விரதம் கெட்டுவிடுமாம். குட்டை மேலே நின்ற குண்டு கரையேறியது, துணிக்கொடியைத் தாண்டியது, கொய்யா மரத்துக்குள் புகுந்து பத்து நாள் கழித்து மறுபக்கம் வந்தது. நாற்பத்தெட்டாம் நாள் பட்டுத் துணியில் சுற்றித் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தபோது, குழலுக்குள் பால் திரிந்து நாறியது. குண்டு கூடத்தில் நின்றது.

சுகுமாரன் மூன்று நாள் சோறு தின்னவில்லை. விமலா திட்டவும் இல்லை. திட்டி என்ன ஆகப்போகிறது? விளக்கை இறக்கிப் பார்த்தாள். எண்ணுவதை முந்நூறோடு நிறுத்திக்கொண்டாள். இனி வாரம் ஒருமுறை போதாது. தினமும் விடிந்ததும் துடைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அப்படியும் குழிகளின் அடியில் ஏதோ ஊறியது. குண்டு நாளுக்கு ஒரு கடுகளவு நகர்ந்தது. வீடு அதற்குப் பழகிக்கொண்டது. அங்கமுத்து நடந்தால் கூடவே ஆறடி தள்ளி நடக்கும். பூனை அதன் அடியில் படுத்துக்கொண்டது, ஈயச் சூடு இதமாக இருந்திருக்கும். 2021இல் நாலடி, 2022 தீபாவளிக்கு ஒரு சாண். 2023 சீனப் புத்தாண்டுக்குப் பல் மருத்துவமனை ஒரு வாரம் மூடியிருந்தபோது, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் காலையும் மாலையும் துடைத்தாள். குண்டு அசையாமல் நின்றது. மூன்று விரல் கடை மிச்சம். அன்றே மருத்துவரிடம் பேசி அரை நாள் வேலைக்கு மாறிக்கொண்டாள்.

மூன்று விரல் கடையில் குண்டு நின்ற மூன்றாம் நாள் அங்கமுத்து சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். எங்கே என்று கேட்டாள். "ஈப்போ," என்றார். "யோசிச்சுப் பாரு, ஆயி. இவ்ளோ கிட்ட இருந்தா அது யார் மேல போய் இடிக்கும்? என் நெஞ்சுக்கு முன்னாடிதான நிக்கிது. நா எங்க வேணாலும் போலாம்லா." உண்மைதான். தூரத்தில் இருந்தபோது அவரைக் கட்டிப்போட்ட குண்டு, கிட்டே வந்ததும் அவிழ்த்துவிட்டது. ஆனால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏற முடியாது. அவள் கூடப் போகாமல் அவரைத் தனியாக அனுப்பவும் முடியாது; எழுபத்தெட்டு வயது, இதயம் பாதி வேலைதான் செய்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வெளியே தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கடுகு போகும். இரண்டு கடுகுதானே, போனால் போகட்டும் என்றார் அவர். அதற்கு முன் அவர் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

அந்த வருடம் அவர்கள் நிறைய ஊர் சுற்றினார்கள். ஈப்போவில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, கல்லுமலைக் கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். ஐயர் அங்கமுத்துவுக்குத் திருநீறு பூசிவிட்டு, ஒரு நொடி யோசித்து, குண்டுக்கும் ஒரு பொட்டு வைத்தார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள், "அங்கிள், இது வலிக்குமா?" என்று கேட்டுவிட்டு, பிறகு அவரவர் கைப்பேசிக்குத் திரும்பினார்கள். சித்தியவானில் தங்கை நவமணி வாசலில் நின்று அண்ணனை மேலும் கீழும் பார்த்து, பந்தலைச் சாய்த்தவன் இப்போதுதான் சாப்பிட வருகிறானா என்று ஏசிக்கொண்டே அழுதாள். அங்கே நாலு நாள் தங்கினார்கள். லூமுட் கடலில் அங்கமுத்து முழங்கால் வரை இறங்கி நின்றார். அலை வந்து குண்டின் மேல் தெறித்து, அது ஈரத்தில் மின்னியது. விமலாவுக்கு அவர் சிரிப்பதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது, ஆனாலும் கடுகுகளை எண்ணிக்கொண்டே இருந்தாள். அக்டோபரில் இடைவெளி சட்டைத் துணியின் கனத்துக்கு வந்தது. இனி வாசல் தாண்டக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் காலை, மத்தியானம், மாலை என்று மூன்று வேளையும் துடைத்தாள். மாத்திரையையும் நேரம் தவறாமல் கொடுத்தாள். இந்தப் பக்கம் அவர் உயிரோடு இருக்க வேண்டும், அந்தப் பக்கம் குண்டு வரும் முன்னே அவர் நல்லபடியாகக் கண்ணை மூடிவிட வேண்டும். மாத்திரை கொடுக்கிற கையாலேயே இப்படி நினைக்கிறோமே என்று தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது அங்கமுத்து சமையலறைக்கு வந்து முக்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்குத் தொடைக்க வேணாம், ஆயி."

"பேசாம இருங்க மாமா. தண்ணி கொதிச்சிருச்சு."

"நா சும்மா போய்ட்டா இது என்னா ஆவும்? ஆள் இல்லன்னு கீழ விழுந்துருமா, இல்ல என் மகன் பக்கம் திரும்புமா? ஒனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. எனக்கு வந்தத நான் இருக்கறப்பவே வாங்கிக்கிறேன்."

"வாங்கிக்கிட்டா எங்கப்பா கொலகாரன் ஆயிருவாரு மாமா." இருபத்தேழு வருடம் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள்.

அங்கமுத்து அவள் கையிலிருந்த துணியை வாங்கி மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: "அந்தாளு தொடைக்காம விட்டுருந்தா நா எழுவத்தி மூணுலயே போயிருப்பேன். யாரு கேட்டிருப்பா? தொடச்சான். என்னப் பாத்தா காறித் துப்புவான், வீட்டுக்குப் போயி வெந்நி வப்பான். இருவத்தி மூணு வருசம். ஒருத்தன் கோவத்துல ஒரு நிமிசம் சுட்டான், மிச்ச காலம் பூரா அதப் புடிச்சு நிறுத்திக்கிட்டே இருந்தான். அவனப் போயி கொலகாரன்னு எவன்லா சொல்லுவான்? மனு விசயத்துல நாந்தான் பொய் சொன்னேன். அவன் கிட்ட மன்னிப்புகூட கேக்கல. நீ அடுப்ப அணச்சிரு."

விமலா அடுப்பை அணைத்தாள். அவளுக்கு அவர் சொன்னதில் முழு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பாதிதான் வந்தது. மீதிப் பாதிக்கு அவரை நம்பினாள். கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்தாள், தேநீர் போட்டாள். சுகுமாரனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது, ஈரக் காற்று குழலுக்குள் போயிருக்க வேண்டும். நாலு மணி சுமாருக்கு அங்கமுத்து தேநீரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, "வா மச்சான்," என்றார். குண்டு நெஞ்சைத் தொட்டது. தொட்ட இடத்தில் தோல் கொஞ்சம் குழிந்து, பிறகு விலகிக்கொண்டது. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. வெளியூர் போன ஆள் தன் வீட்டுக்குள் நுழைவது போல அது உள்ளே போய், தோல் மூடிக்கொண்டது. சுகுமாரன் முனியாண்டி பெயரைச் சொல்லிக் கத்தினான். விமலா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியை எண்ணினாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி நேரம். நாடி அடித்துக்கொண்டே இருந்தது. "லேசா சூடா இருக்கு," என்றார் அங்கமுத்து. "இன்னொரு டீ கெடைக்குமா?"

அடுத்த வாரம் ஈப்போவில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இதயத்துக்குப் பக்கத்தில் குண்டு பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அங்கேயே இருக்கட்டும், எடுப்பதற்கு அவசியம் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். சனவரியில் போலீஸ் கோப்ரல் கலாதேவி வழக்கம்போல நாடாவோடு வந்தாள். அளப்பதற்கு ஒன்றும் இல்லாததால் அங்கமுத்துவின் நெஞ்சைப் பார்த்தாள், எக்ஸ்ரேயைச் சன்னலில் பிடித்துப் பார்த்தாள், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தோசையைப் பார்த்தாள். வலி உண்டா, யார் மேலாவது புகார் உண்டா என்று கேட்டாள். இரண்டுக்கும் இல்லை என்றார். கோப்பின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். கட்டம் கட்டமாக இருந்தது. சுட்டவர் பெயர், பத்துமலை. பொருள், ஈயக் குண்டு ஒன்று. முடிவு என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, உரியவரிடம் சேர்ந்தது என்று எழுதினாள். குற்றம் என்ற கட்டத்துக்கு வந்தபோது விமலா கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். கலாதேவி அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு, தேதி எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

"அக்கா, சாட்சி கையெழுத்து நீங்க போடணும்."

விமலா போட்டாள். போட்ட பிறகும் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நேராகக்கூட இல்லை, நுனியில் கொஞ்சம் வளைந்திருந்தது. இதற்கு ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்டாள்.